குடிநோய் மறுவாழ்வுப் பணி: எம்.எஸ்.டபிள்யூ.வா, சைக்காலஜியா, பியர் எஜுகேட்டரா, குறுகிய காலப் பயிற்சியா?

போதை மறுவாழ்வு மையத்தில் கவுன்சலர் ஆக என்ன படிக்கலாம் என்று கேட்டால், ஆளுக்கொரு படிப்பின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் படிப்பை முடித்து வருபவருக்கு வார்டில் எது கைவரும், எது வராது என்று சொல்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குள் வர நான்கு வாசல்கள் இருக்கின்றன. அவற்றைப் பாடத்திட்டத்தை வைத்து ஒப்பிடுவதைவிட, மையத்தில் தினமும் நடக்கும் மூன்று வேலைகளை வைத்து ஒப்பிடுவதே சரியாக இருக்கும்.

முதல் வேலை, குடித்த அளவைக் கேட்டு எழுதுவது. "டெய்லி ஒரு குவாட்டர் சார்" என்பார் சேர வந்தவர். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தியில் 180 மி.லி. என்றால், அதில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். இந்தியாவில் ஒரு 'டிரிங்க்' என்று கணக்கு வைப்பது 10 கிராமை. ஆக ஒரு குவாட்டர் ஆறு டிரிங்க், ஒரு கட்டிங் மூன்று. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் நான்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாப்பட்டியலில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே குடி ஆபத்தான கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். 20 வந்தால் குடிநோய் இருக்கிறதா என்று முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். இரண்டாம் கேள்வியே டிரிங்க் எண்ணிக்கைதான். குவாட்டரை ஒரு டிரிங்க் என்று எழுதிவிட்டால் அங்கேயே மதிப்பெண் சரிந்துவிடும். அதோடு அந்த 'ஒரு குவாட்டர்' பெரும்பாலும் சாயங்காலக் கணக்கு மட்டும். காலையில் கைநடுக்கம் நிற்கப் போட்ட கட்டிங் அதில் சேராது. "எழுந்ததும் என்ன?" என்று தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

இரண்டாவது, குடியை நிறுத்திய முதல் நான்கு நாட்களைக் கவனிப்பது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் டெலிரியம்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், மனைவியை அடையாளம் தெரியாது. வீட்டில் இதைப் பேய் என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும் நிலை இது. மருந்து கொடுப்பது கவுன்சலர் வேலை இல்லை. ஆனால் கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற இரண்டையும் சேர்க்கும் நேரத்திலேயே கேட்டு டாக்டருக்குச் சொல்வது அவர் வேலை.

மூன்றாவது, வீட்டுக்குப் போனவரைப் பிடித்து வைத்திருப்பது. கடன்காரன், வேலை போன கம்பெனி, பேசாத மகன், தெருமுனை டாஸ்மாக், எல்லாம் அங்கே அப்படியே காத்திருக்கும். குடும்பமும் தன் பங்குக்கு ஏதாவது செய்யும். டைசல்பிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பது இன்றும் நடக்கிறது. மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கிறது. சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்று மாமியாருக்குப் புரியும்படி சொல்ல வேண்டியவர் கவுன்சலர்.

இனி நான்கு வாசல்கள்.

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலைப் பட்டம், இரண்டு ஆண்டு. மருத்துவ, மனநல சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுக்க வேண்டும். சென்னையில் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா, திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி என்று பழக்கப்பட்ட பெயர்கள் பல. இந்தப் படிப்பின் உயிர் ஃபீல்டு வொர்க்கில் இருக்கிறது. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இருக்க வேண்டும், கடைசியில் ஒரு மாத அளவில் ஒரே இடத்தில் தொடர்ந்து இருக்கும் பிளாக் பிளேஸ்மென்ட். வீட்டுக்குப் போய்ப் பேசுவது, கலெக்டர் ஆபீஸ் மனு, மாவட்ட மனநலத் திட்ட டீம், இன்ஷூரன்ஸ் அட்டை என்று சுற்றிப் பழகியிருப்பார்கள். மூன்றாவது வேலையில் இவர்களுக்கு நிகர் இல்லை.

கோளாறு எங்கே என்றால், அந்த ஃபீல்டு வொர்க் எங்கே கிடைக்கிறது என்பதில். நான்கு செமஸ்டரில் ஒன்றுகூட மறுவாழ்வு மையத்தில் அமையாமல் பட்டம் வாங்கிவிடலாம். அமைந்தாலும், ஜூன் 26 போதை ஒழிப்பு தினப் பேரணிக்கு சார்ட் எழுதுவதிலும் குரூப் போட்டோவிலும் நாட்கள் போய்விடும். கல்லூரியின் பிளேஸ்மென்ட் ஆசிரியரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எத்தனை நோயாளிக்கு முழு கேஸ் ஹிஸ்டரி எழுத விடுவார்கள், அதை அங்கே யார் படித்துத் திருத்துவார்கள்? திருத்த ஆள் இல்லாத இடத்தில் ஐம்பது கேஸ் எழுதினாலும் ஒரே தப்பை ஐம்பது முறை எழுதியதாகத்தான் ஆகும்.

எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி. இதுவும் இரண்டு ஆண்டு. ஒருவரை எதிரே உட்கார வைத்து நாற்பத்தைந்து நிமிடம் பேசுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி மற்ற மூன்றிலும் கிடையாது. மாற வேண்டும் என்ற எண்ணத்தை அவர் வாயாலேயே வரவழைக்கும் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் சி.பி.டி., குடிக்கத் தூண்டும் சூழலைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒத்திகை பார்ப்பது எல்லாம் பாடத்தில் வரும். "நான் ஒண்ணும் குடிகாரன் இல்லை, வீட்டுல கொண்டுவந்து விட்டுட்டாங்க" என்று முறைப்பவரிடம் வாதாடாமல் பேச்சைத் திருப்பத் தெரிந்தவர்கள் இங்கிருந்து வருகிறார்கள். ஆனால் இவர்களில் பலருக்கு நோயாளி அறைக்குள் வந்தால்தான் நோயாளி. வராதவரைத் தேடிப் போவது தங்கள் வேலை என்று தோன்றுவதே இல்லை. இந்தத் துறையிலோ பாதி வேலை வராதவரோடுதான்.

அஞ்சல் வழியில் படிக்கலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் எளிது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலைக் கல்வியிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணைச் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டத்தின் கீழ் இந்தப் பாடம் வருவதுதான் காரணம். இனியும் 'வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி' என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்ட வேண்டாம். இன்னொன்று: இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பெயருக்குப் பின்னால் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும்.

இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், மறுவாழ்வு மைய வேலைக்கு மட்டும் என்ற அளவில், எம்.எஸ்.டபிள்யூ. தன் பக்கம் தராசைச் சாய்த்துவிடுகிறது. பேசும் நுட்பத்தை வேலையில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம். கதவைத் தட்டும் பழக்கம் அப்படி எளிதில் வருவதில்லை. தனியாக கிளினிக் வைக்கும் ஆசை இருப்பவருக்கு, அல்லது குடியோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருப்பவர்களைத்தான் பார்க்க விரும்புபவருக்கு, சைக்காலஜி சரி. அதற்கு மேல் போக நினைப்பவர்கள் எம்.பில். மனநல சமூகப்பணி என்ற பெயரைத் தேடுவார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சமூகப்பணியாளர் என்று வரையறுப்பது, எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு இந்த இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பையும் முடித்தவரைத்தான். எம்.பில். படிப்புகளைப் பொதுவாக நிறுத்திய யு.ஜி.சி., இதற்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு கொடுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் அந்த நிறுவனத்தில் இப்போது என்ன நிலை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வாசல், தானே குடியிலிருந்து மீண்டவர் பியர் எஜுகேட்டராக வருவது. மத்திய சமூகநீதி அமைச்சக மானியத்தில் நடக்கும் ஐ.ஆர்.சி.ஏ. என்ற ஒருங்கிணைந்த போதை மறுவாழ்வு மையங்களின் பணியாளர் பட்டியலிலேயே இந்தப் பதவி இருக்கிறது. பட்டம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்து, ஓரிரு ஆண்டாவது போதையில்லாமல் இருந்திருக்க வேண்டும். முதல் வேலையில் இவர்தான் கில்லாடி. குவாட்டர் கணக்கில் பொய் சொல்பவரை இவர் முகத்தைப் பார்த்தே பிடிப்பார். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு முதல் முறை கூட்டிப்போவதற்கும், நள்ளிரவில் "ஒரே ஒரு ரவுண்டு போட்டுக்கவா?" என்று வரும் போனை எடுப்பதற்கும் இவரை விட்டால் ஆள் கிடையாது.

இவ்வளவு மதிப்புள்ள வாசலை மையங்கள் மிக மோசமாகப் பயன்படுத்துகின்றன. தன் சிகிச்சை முடிந்த மறு வாரமே ஒருவர் கையில் வார்டு சாவியைக் கொடுத்து, சாப்பாடும் படுக்கையும் போட்டு, சம்பளம் இல்லாமல் வைத்துக்கொள்வார்கள். அது வேலை இல்லை, பயிற்சியும் இல்லை. ஒரு நாள் அவர் குடித்துவிட்டால் வீடும் போகும், வேலையும் போகும், நண்பர்களும் போவார்கள், எல்லாம் ஒரே கட்டடத்தில் இருப்பதால். எனவே இந்த வழியில் வருபவர், தான் சிகிச்சை எடுத்த மையத்தை விட்டு வேறு மையத்தில் சேர வேண்டும். ஏ.ஏ. ஸ்பான்சர், அதாவது அங்கே அவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர், வேலை இடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். சறுக்கினால் என்ன செய்வார்கள், விடுப்பா, வேலைநீக்கமா என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் இவர்கள் பேச்சில் இருக்கிறது. "நான் மாத்திரையே இல்லாமத்தான் விட்டேன், மாத்திரையும் ஒரு போதைதான்" என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவர் பைபோலார் நோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுப்பவராக இருந்து, அன்றிரவே நிறுத்திவிட்டால்? தன் அனுபவத்தைச் சொல்லலாம், அதை மருந்துச் சீட்டாக எழுதித் தரக் கூடாது. இந்த ஒரு எல்லையைக் கற்றுக்கொள்ளவே இவர்களுக்கு முறையான பயிற்சி தேவை.

அது கிடைப்பது நான்காவது வாசலான குறுகிய காலப் பயிற்சியில். சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன், அதாவது சென்னை இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை, பல ஆண்டுகளாகப் பிற மையங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து வருகிறது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்த அனுபவமும் அவர்களுக்கு உண்டு. பல நாடுகள் சேர்ந்த கொழும்புத் திட்டம் என்ற அமைப்பு போதைச் சிகிச்சைக்காரர்களுக்காக வகுத்த யு.டி.சி. பாடத்திட்டம் இன்னொன்று. அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள்: போதைப்பொருள் உடலில் செய்வது, சிகிச்சையின் படிநிலைகள், உடன்வரும் நோய்கள், கவுன்சலிங் அடிப்படை, சேர்க்கையும் மதிப்பீடும் பதிவேடும், கேஸ் மேனேஜ்மென்ட், நெருக்கடி நேரம், தொழில் அறம். ஒவ்வொன்றும் சில நாட்கள் மட்டுமே. ஐகேப் என்ற சர்வதேசப் போதைச் சிகிச்சைப் பணியாளர் சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வும், வேலை அனுபவக் கணக்கும் தனி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை நடத்தும் வி.கே.என். இணையவழி வகுப்புகளில், கலந்துகொள்பவர்களே தங்கள் நோயாளியின் கேஸை வைத்துப் பேச, நிபுணர்கள் பதில் சொல்வார்கள்.

இவையெல்லாம் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குத் தங்கம். நோயாளியே பார்க்காதவருக்குச் சுவரில் மாட்டும் ஃபிரேம் மட்டும்தான். பிளஸ் டூ முடித்து ஆறு நாள் பயிற்சிச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் கவுன்சலர் பதவிக்கு எடுக்க மாட்டார்கள். மானிய மையங்கள் அதற்குப் பட்டதாரியைத்தான் கேட்கின்றன. அதே சான்றிதழ், எம்.எஸ்.டபிள்யூ. முடித்து ஓராண்டு வேலை பார்த்தவரிடம் இருந்தால் நேர்காணலில் அவர் பெயர் மேலே போகும். பி.ஏ. முடித்து வேலையில் இருப்பவருக்கு நாம் சொல்வது இது: முதலில் ஒரு மையத்தில் ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டங்களில் உதவியாக உட்காருங்கள், பிறகு குறுகிய காலப் பயிற்சி, அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் எம்.எஸ்.டபிள்யூ.

சம்பளத்தைப் பற்றி ஒரு வரி. மானிய மையங்களில் பணம் தவணையாக வரும், தவணை தள்ளினால் சம்பளமும் தள்ளும். வேலைக்குப் பஞ்சம் இருக்காது: 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சையோ உதவியோ பெற்றிருந்தார்.

எந்த வாசல் வழியே வந்தாலும் பயிற்சி மையத்தை நேரில் பார்க்காமல் சேரக் கூடாது. மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மனநல மருத்துவர் எந்தக் கிழமைகளில் வருகிறார் என்று கேளுங்கள்; "கூப்பிட்டா வருவார்" என்பது பதில் ஆகாது. வீட்டிலிருந்து ஆளை வேனில் தூக்கி வருவதைச் சேவை என்று விளம்பரம் செய்யும் இடத்தில் கற்பதற்கு எதுவும் இல்லை. சட்டச் சிக்கலில் உங்கள் பெயரும் சேரும். கடைசியாக ஃபாலோ-அப் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதம் முன்பு டிஸ்சார்ஜ் ஆனவர்களின் பெயருக்கு நேரே, போன் பண்ணிய தேதியும், எடுத்தது யார், என்ன சொன்னார் என்பதும் வெவ்வேறு பேனாவில், வெவ்வேறு கையெழுத்தில் இருந்தால் அங்கே சேரலாம். எல்லா வரியிலும் ஒரே கையெழுத்தில் 'நலம்' என்று இருந்தால் அடுத்த மையத்துக்கு பஸ் ஏறுங்கள்.