செயின்சாவுக்கு "கம்பெனி பிஸ்டன்" போடுகிறோம் என்று கடைக்காரர் சொன்னால், டப்பாவைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் நிறைய தோப்புக்காரர்கள் மரம் அறுக்கும் செயின்சா மிஷின் வாங்கினோம். 2018 நவம்பரில் சாய்ந்து கிடந்த தென்னைகளை வேறு எப்படி அப்புறப்படுத்துவது? அந்த மிஷின்களுக்கெல்லாம் இப்போது பிஸ்டன் வேலை வருகிற காலம். அதனால்தான் எனக்கு நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது ஸ்டில் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 250. மரம் அறுத்துக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைந்து நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் கம்ப்ரஷனே இல்லை. பக்கத்து ஊர்க் கடையில் கொடுத்தேன். "பிஸ்டன் சீஸ் ஆயிடுச்சு சார். போர் போட்டு கம்பெனி பிஸ்டன் மாத்திடலாம், புதுசு மாதிரி ஓடும்" என்றார். அதாவது பிஸ்டன் சிலிண்டரில் உரசிப் பிடித்துக்கொண்டது, சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து ஸ்டில்லின் ஒரிஜினல் பிஸ்டன் போடலாம் என்று அர்த்தம். கம்பெனி பிஸ்டனுக்கான விலையை வாங்கினார். போர் போட்ட கூலி என்று தனியாகவும் வாங்கினார்.

அந்தப் பருவம் முடியும்வரைகூடத் தாங்கவில்லை. உள்ளே கிரீச்சென்று ஒரு சத்தம், கயிறு பாதியில் சிக்கிக்கொண்டது. இந்த முறை பட்டுக்கோட்டையில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே பிரித்தார். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக, நகம் மாட்டுகிற ஆழத்துக்கு ஒரு கோடு. பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்க வேண்டிய சர்க்ளிப் என்கிற கம்பி வளையம் காடியை விட்டுக் கழன்று சிலிண்டரைக் கீறியிருந்தது. மட்டமான செட்டுகளில் இது அடிக்கடி நடப்பதுதானாம். சர்க்ளிப் கம்பிக்கு விறைப்பு போதாது, காடியும் சரியாகக் கடைந்திருக்காது.

தன்னிடம் இருந்த பழைய ஒரிஜினல் பிஸ்டன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதன் தலையில் அம்புக்குறியும் தயாரிப்பாளர் முத்திரையும் தெளிவாக இருந்தன. என் மிஷினில் இருந்ததில் அம்புக்குறி மட்டும்தான். ஓரமெல்லாம் வார்ப்புப் பிசிறு, விரலில் உரசியது. "இது கம்பெனி பிஸ்டனே இல்லண்ணே. போர் போட்டேன்னு சொன்னதும் பொய்தான், இதுல போர் போடவே முடியாது" என்றார்.

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பழைய பைக்குகளில் இரும்பு ஸ்லீவ் இருக்கும், அதைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். இந்த செயின்சா சிலிண்டரோ அலுமினியம். உள்சுவரில் கெட்டியான நிக்கல் பூச்சு மெல்லிசாக இருக்கும். கடைந்தால் பூச்சே போய்விடும். எம்எஸ் 250-இன் அளவு 42.5 மில்லிமீட்டர்தான், மாற்றும் பிஸ்டனும் அதே அளவுதான். சும்மா எமரித் தாள் தேய்த்துவிட்டு என்னிடம் போர் கூலி வாங்கியிருக்கிறார்.

எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்: முதல் தடவை என் ஒரிஜினல் சிலிண்டர் நன்றாகவே இருந்திருக்க வாய்ப்பு உண்டு. பிஸ்டன் சீஸ் ஆனால் பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம்தான் உருகிச் சுவரில் ஒட்டும். அதைப் பக்குவமாக எடுத்துவிட்டால், பூச்சு முழுசாக இருக்கும்பட்சத்தில், அதே சிலிண்டரில் நல்ல பிஸ்டனைப் போட்டு ஓட்டலாம். அந்த நல்ல பிஸ்டன் கம்பெனியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இத்தாலியின் மெட்டியோர் மாதிரி வெளித் தயாரிப்புகள் நல்ல பெயர் எடுத்தவை. பழைய மிஷினுக்கு, மட்டமான புது சிலிண்டர் செட்டைவிட ஒரிஜினல் சிலிண்டரும் தரமான வெளி பிஸ்டனும் எவ்வளவோ மேல். வெளி பிஸ்டன் என்று சொல்லி, அதற்குரிய விலை வாங்கியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதல் பிஸ்டன் ஏன் போனது என்பதையும் அந்தக் கடையில் பார்க்கவே இல்லை. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் விரிசல் விட்டிருந்தது. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால் பெட்ரோல் விகிதம் குறையும், கூடவே ஆயிலும் குறையும். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் சரியாகக் கலந்தாலும் பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் சூடேறி உரசும். இந்த மாடலில் சிலிண்டருக்கு அடியில் கேஸ்கெட்டும் கிடையாது, சீலன்ட் தடவித்தான் மூட வேண்டும். அது சரியில்லை என்றால் அங்கேயும் காற்று இழுக்கும். மூடிய பிறகு லீக் டெஸ்ட் செய்யாத கடையில், ஒரிஜினல் பிஸ்டன் போட்டாலும் இதே கதிதான்.

கழற்றிய பிஸ்டனோடு பழைய கடைக்குப் போய்க் கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் சார் போடுறோம்" என்றார். பில்லை நீட்டினேன். அதில் "பிஸ்டன் செட் - 1" என்று மட்டும்தான் இருக்கிறது, கம்பெனி என்று எங்கே போட்டிருக்கிறேன் என்று திருப்பிக் கேட்டார். ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. நீங்கள் மிஷினை ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால் பார்ட் நம்பரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எம்எஸ் 250-க்கான பிஸ்டன், சிலிண்டர் நம்பர்கள் 1123 என்று ஆரம்பிக்கும். மாட்டுவதற்கு முன்னால் டப்பாவையும் பிஸ்டனையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பிஸ்டனையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தர மறுத்தால் மிஷினை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள்.