செல்ஃப் செக்அவுட்: பில் போட்ட கை எழுதும் விமர்சனம்

கையில் நாலைந்து பொருள், எல்லாவற்றிலும் பார்கோடு, பணம் கட்டக் கார்டு. இப்படிப் போனால், நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் செல்ஃப் செக்அவுட் இயந்திரம் மாதிரி வசதி வேறில்லை. போன வேகத்தில் வெளியே வந்துவிடலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் குறைதான் அதிகம். சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் பல வருஷம் நின்றவள் நான். வேலை போன கோபத்தில் எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் விலகிய பிறகுதான் இந்த இயந்திரங்களே வந்தன. இப்போது வாடிக்கையாளராகத்தான் அவற்றின் முன்னால் நிற்கிறேன்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் ஆறு இயந்திரங்கள், ஆறையும் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண். ஆள் நின்று பில் போடும் கவுண்டர் ஒன்றுதான் மிச்சம். அதுவும் பாதி நேரம் மூடியிருக்கிறது.

திரை நன்றாக இருக்கிறது. எழுத்து பெரிது, மொழியை மாற்றிக்கொள்ளலாம், ரசீது உடனே வருகிறது. சிக்கல் பக்கத்துத் தட்டில்தான். ஸ்கேன் செய்த பொருளை அந்தத் தட்டில் வைக்க வேண்டும். அதற்கு அடியில் தராசு இருக்கிறது. ஒவ்வொரு பொருளின் எடையும் முன்பே கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், தட்டில் ஏறிய எடை அதோடு ஒத்துப்போனால்தான் அடுத்த பொருளுக்கு வழிவிடும். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. ஆனால் வீட்டிலிருந்து கொண்டுபோன பையை வைத்தால் நின்றுவிடுகிறது. கூட வந்த குழந்தை தட்டில் கை ஊன்றினாலும் நிற்கிறது. வாழ்த்து அட்டை மாதிரி லேசான பொருளை வைத்தால், வைத்ததே அதற்குத் தெரிவதில்லை. உடனே தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிறது, பணியாளர் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறது.

ஒருநாள் பக்கத்து இயந்திரத்தில் ஒரு பெரியவருக்கு அந்த விளக்கு எரிந்தது. அவர் சட்டென்று இரண்டு கையையும் இயந்திரத்தை விட்டு விலக்கிக்கொண்டார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி. "நான் எதுவும் பண்ணலைம்மா" என்று என்னிடம் சொன்னார். பின்னால் நின்ற எல்லோரும் அவர் பையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஓடிவந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டி, திரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த சிவப்பு விளக்குக்கு ஓடினாள். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. திருட்டைப் பிடிக்க வைத்த தராசு ஒரு நேர்மையான மனிதரைக் கூனிக்குறுக வைத்ததுதான் மிச்சம். எனக்கு மனசு ஆறவே இல்லை.

கவுண்டரில் நாங்கள் செய்த வேலையை வெளியிலிருந்து பார்த்தால் பொருளைக் கண்ணாடியில் இழுப்பது மட்டும்தான் தெரியும். ஒரு கை ஸ்கேன் செய்யும்போதே இன்னொரு கை அடுத்த பொருளைப் பார்கோடு கீழே வரும்படி திருப்பியிருக்கும். கனமானவை பையின் அடியில், உடையக்கூடியவை மேலே. ஒரே பொருள் இரண்டு தரம் பதிவானால் பீப் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பார்கோடு இல்லாத பழம், காய்க்கு எண்கள் மனப்பாடம். வாழைப்பழத்துக்கு 4011, பல நாடுகளின் கடைகளில் இதே எண்தான். இயந்திரத்தின் முன்னால் நிற்பவர் படம் படமாகத் தள்ளித் தேட வேண்டியிருக்கிறது.

இந்த இயந்திரத்தின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இங்கேதான் இருக்கிறது. 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் யூனிமேட் என்ற ரோபோ கை வேலைக்கு வந்தது. அச்சிலிருந்து வரும் கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் வேலை. மனிதன் தோலைச் சுட்டுக்கொள்ளாமல் ஒரு இயந்திரம் அதைச் செய்தால் யார் வேண்டாம் என்பார்கள்? செல்ஃப் செக்அவுட் அப்படி எந்தச் சுமையையும் இறக்கி வைக்கவில்லை. ஸ்கேன் செய்வது, எடை போடுவது, பையில் அடுக்குவது எல்லாம் அப்படியே இருக்கிறது. கேஷியர் சம்பளத்துக்குச் செய்ததை வாடிக்கையாளர் சும்மா செய்கிறார். சுமை இறங்காமல் ஆளை மட்டும் குறைப்பதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படி வேலை கை மாறுவது புதிதும் இல்லை. 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி கடை வரும்வரை, அங்கே கடைப்பையன்தான் பொருளை எடுத்துக் கொடுப்பான். அதன்பிறகு நாமே கூடை தூக்கி எடுக்கப் பழகினோம். அதில் நமக்கும் லாபம் இருந்தது: பார்த்து, தொட்டு, வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. பில் போடும் வேலை நம் தலையில் விழுந்ததில், கூட்டமில்லாத நேரத்து வேகத்தைத் தவிர எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சில நிறுவனங்கள் பின்வாங்கியும் இருக்கின்றன. இங்கிலாந்தின் வடபகுதியில் இயங்கும் பூத்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம், 2023 நவம்பரில், இரண்டு கடைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த இயந்திரங்களை எடுப்பதாக அறிவித்தது. ஸ்கேன் செய்யவே தேவையில்லை, எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம் என்று கேமராக்களை வைத்த அமேசான், 2024 ஏப்ரலில் அமெரிக்காவிலுள்ள தன் ‘ஃப்ரெஷ்’ மளிகைக் கடைகளிலிருந்து அந்த முறையை விலக்கிக்கொள்வதாகச் சொன்னது. கேமராக் காட்சிகளைப் பார்த்துச் சரிபார்க்க இந்தியாவில் ஏராளமானோர் இருந்தார்கள் என்ற செய்தியும் அப்போது வந்தது. மென்பொருளைப் பழக்குவதே அவர்களின் முக்கிய வேலை, சரிபார்த்தது சிறு பகுதிதான் என்றது நிறுவனம். எப்படிப் பார்த்தாலும் எங்கோ ஒரு அறையில் ஒரு மனிதக் கண் வேலை பார்த்திருக்கிறது. அந்தக் கண்ணுக்குரியவரிடம் ஒரு வணக்கம் சொல்லக்கூட வாடிக்கையாளருக்கு வழியில்லை.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். திரைக்கும் வேகத்துக்கும் இரண்டு, மொழி வசதிக்கு அரை. ஆறு இயந்திரத்துக்கு இரண்டு பேரைப் போட்டு, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆள் உள்ள கவுண்டர் ஒன்றையாவது ஓட்டினால் தயங்காமல் நான்கு கொடுப்பேன். சில்லறை பொருளுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாதச் சாமான் வாங்குகிறவர்களும், பார்வை மங்கியவர்களைக் கூட்டிப்போகிறவர்களும் கவுண்டர் மூடியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் திறந்தார்கள். திறந்த இரண்டாவது நிமிஷம் எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.