சின்னவனுக்குக் கொடுக்கும் ஜிங்க் அசிடேட் காப்சூல்: மூன்று வருஷ அனுபவம்

முடி உதிராமல் இருக்கவும் சளி பிடிக்காமல் இருக்கவும் ஜிங்க் வாங்குகிறவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது. என் இளைய மகன் வில்சன் நோய்க்காக, அதாவது உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய்க்காக, சாப்பிடும் ஜிங்க் அசிடேட் காப்சூலைப் பற்றி எழுதுகிறேன். 25 மி.கி., தினம் மூன்று வேளை. ஆரம்பித்தபோது அவனுக்கு வயது 11, இப்போது 14.

முதலில் நோய் தெரியவந்தது பெரியவளுக்குத்தான். பிளஸ் டூ படிக்கும்போது கை நடுங்க ஆரம்பித்தது. கையெழுத்து நாளுக்கு நாள் சுருங்கியது. பரீட்சை பயம் என்றே நாங்கள் நினைத்தோம். கண் டாக்டர் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "உடனே செம்பு டெஸ்ட் எடுங்க" என்று அனுப்பினார். உடம்பில் மிஞ்சுகிற செம்பைப் பித்தத்தில் தள்ளிவிட நம் கல்லீரலில் ஒரு பம்ப் இருக்கிறது. அதற்கான ஜீனின் பெயர் ஏடிபி7பி, 1993-ல் கண்டுபிடித்தது. பழுதான பிரதி என்னிடம் ஒன்று, என் கணவரிடம் ஒன்று. எங்கள் இருவருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. இரண்டும் சேர்ந்து ஒரு பிள்ளைக்குப் போனால் செம்பு கல்லீரலில் சேரும், பிறகு மூளைக்கும் போகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-ல் 1 வாய்ப்பு. அதனால் சின்னவனையும் சோதித்தார்கள். ஓடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கும் அதே நோய்.

பெரியவளுக்குச் செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் மருந்து. அறிகுறி எதுவும் வராத சின்னவனுக்கு ஜிங்க் மட்டும் போதும் என்றார்கள். செம்பு சேர்கிற நோய்க்கு இன்னொரு உலோகத்தையா கொடுப்பது என்று எனக்குத் திக்கென்றது. டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துக் குடல் சுவரைச் செங்கல் வரிசை மாதிரி வரைந்தார். ஒவ்வொரு செங்கலும் ஒரு செல். ஜிங்க் உள்ளே வந்தால் அதை உணர்வதற்கென்றே செல்லில் ஒரு புரதம் இருக்கிறதாம். அது உட்கருவுக்குள் போய் மெட்டல்லோதயோனின் என்கிற இன்னொரு புரதத்தின் ஜீனை முடுக்கிவிடுகிறது. அந்தப் புரதம் ஜிங்கையும் பிடிக்கும், ஆனால் செம்பைத்தான் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சோற்றிலும் பருப்பிலும் வரும் செம்பு ரத்தத்துக்குப் போகாமல் அந்தச் செல்லிலேயே மாட்டிக்கொள்கிறது. குடல் செல்லுக்கு ஆயுசு சில நாள்தான். அது உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. உமிழ்நீரிலும் இரைப்பைச் சாற்றிலும் வருகிற செம்புக்கும் இதே கதிதான்.

அந்தத் தாளை இன்றும் பீரோவில் வைத்திருக்கிறேன். ஒரு வேளை விட்டுப்போனால் ஏன் கவலைப்பட வேண்டும், எப்போது பதறத் தேவையில்லை என்று எனக்குப் புரிய வைத்தது அதுதான். ஜீனை முடுக்கினால் புரதம் சேர்வதற்கு நாள் பிடிக்கும். சேர்ந்தது ஒரே வேளையில் காணாமலும் போகாது. ஆனால் வாரக்கணக்கில் ஏமாற்ற முடியாது. நெதர்லாந்தில் 1961-லேயே இந்த நோய்க்கு ஜிங்க் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜிங்க் அசிடேட்டுக்கு 1997-ல்தான் அனுமதி கிடைத்தது.

இனி காப்சூல். அளவில் சின்னதுதான், விழுங்கச் சிரமமில்லை. சிரமமெல்லாம் நேரத்தில்தான். காப்சூல் போடுவதற்கு 1 மணி நேரம் முன்னும் பின்னும் எதுவும் சாப்பிடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் கொடுத்த முதல் மாதம் தினமும் குமட்டல், இரண்டு தடவை வாந்தி. டாக்டரைக் கேட்டு, காலை வேளையை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே 10:45 இடைவேளைக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு குமட்டல் அடங்கிவிட்டது. இப்போது 10:45, மாலை 5, ராத்திரி படுக்கும் முன்.

எனக்குப் பெரிய குறை லேபிள்தான். ஜிங்க் அசிடேட் உப்பில் ஜிங்க் சுமார் 30 சதவீதம்தான். 50 மி.கி. ஜிங்க் உடம்புக்குள் போக வேண்டுமென்றால் உப்பு கிட்டத்தட்ட 168 மி.கி. வேண்டும். அட்டையின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் எண் உப்பின் எடையா, ஜிங்கின் எடையா என்பது பின்னால் பொடி எழுத்தில் கிடக்கிறது. நான் மூக்குக்கண்ணாடி போட்டும் டார்ச் அடித்துத்தான் படித்தேன். வாங்கும்போது "எலிமென்டல் ஜிங்க்", அதாவது ஜிங்கின் எடை மட்டும், எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை பக்கத்து மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லை என்று, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் 20 மி.கி. ஜிங்க் மாத்திரையை "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒன்றரை மாத ஸ்டாக் கையில் இல்லாமல் இருப்பதில்லை.

பலன் தெரிகிறதா என்று கேட்டால், 24 மணி நேர சிறுநீர்தான் சொல்லும். சின்னவனுக்கு ஆரம்பத்தில் செம்பு 140 மைக்ரோகிராம் இருந்தது. கடைசியாக எடுத்ததில் 58. இரண்டு பிள்ளைகளின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஆரம்பத்தில் நான் குழம்பிப்போனேன். பெனிசிலமின் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துவருவதால் பெரியவளுக்கு எண் ஏறும். ஜிங்க் வாசலிலேயே நிறுத்துவதால் சின்னவனுக்கு இறங்க வேண்டும். இந்த டெஸ்டில் சிறுநீரில் ஜிங்க் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். போன வருஷம் அது குறைந்திருந்தது, காப்சூல் ஒழுங்காக உள்ளே போகவில்லை என்று அர்த்தம். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். நண்பர்கள் என்ன வியாதி என்று கேட்கிறார்களாம், அதனால் இடைவேளை காப்சூலை டிபன் பாக்ஸின் மூடிக்குள் ஒளித்துத் திரும்பக் கொண்டுவந்து குப்பையில் போட்டிருக்கிறான். திட்ட மனம் வரவில்லை. அவனுடைய வகுப்பு ஆசிரியையிடம் பேசினேன். இப்போது ஸ்டாஃப் ரூமில் அவர் மேஜையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கிறது, அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறான்.

மாதச் செலவு அக்காவின் மருந்தைவிடக் குறைவு. ஜிங்க் அளவு மிஞ்சினால் செம்பு தேவைக்கும் கீழே இறங்கி ரத்தம் குறையும் என்பதால் ரத்த டெஸ்டும் தவறாமல் எடுக்கிறோம். ஈரல், நண்டு, காளான், முந்திரி எல்லாம் வீட்டில் குறைத்தாகிவிட்டது. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று அத்தை நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தார். படம் போட்ட தாளை அவருக்குக் காட்டிய அன்று அவரே குடத்தைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிட்டார்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது லேபிளுக்காக. அடுத்த மாதம் அவனுக்கு எடை பார்க்க வேண்டும். 50 கிலோவைத் தாண்டினால் 50 மி.கி. காப்சூலுக்கு மாறலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கொடுத்துப் பார்த்த பிறகு இங்கேயே எழுதுகிறேன்.