டோபாஸ் கன்வர்ஷன் கிட் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

நீலகிரியில் இருந்துகொண்டு 1:35 அளவு ராணுவ வண்டி மாடல்களுக்கு ரெசின் கன்வர்ஷன் கிட், அதாவது ஒரு மாடலை வேறு வண்டியாக மாற்றும் வார்ப்புப் பாகங்கள், விற்கும் ஒருவரிடம் 5,200 ரூபாய் பறிகொடுத்திருக்கிறேன். பெயரைப் போட விரும்பவில்லை. ஆனால் சீசன் நேரத்தில் குன்னூர், ஊட்டி கண்காட்சிகளில் ஸ்டால் போடுகிறவர், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறவர் என்று சொன்னால் இந்தப் பக்கம் மாடல் செய்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். அவருடைய ஸ்டேட்டஸில் அதே கிட், அதே படம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் சிலர் விலை விசாரித்து எனக்கே செய்தி அனுப்பினார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் கேட்டது டோபாஸ். அதாவது ஓடி-62. சோவியத்தின் பிடிஆர்-50 கவச வண்டியை அடிப்படையாக வைத்து செக்கோஸ்லோவாகியாவும் போலந்தும் 1960களில் செய்த வண்டி. நம் ராணுவமும் வாங்கி ஓட்டியது. இதற்கு நேரடியாக ஒரு நல்ல பிளாஸ்டிக் கிட் கிடைப்பது கஷ்டம். டிரம்பெட்டர் கம்பெனியின் பிடிஆர்-50பிகே கிட்டை வாங்கி, அதன் கீழ்ப்பகுதியையும் பக்கத்துக்கு ஆறு சக்கரங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேல் உடம்பை மட்டும் ரெசினில் மாற்றுவதுதான் நடைமுறை. முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு கூண்டுகள், பக்கவாட்டில் இருக்கும் கதவுகள், இவைதான் டோபாஸுக்கு அடையாளம். இவை சரியாக வராவிட்டால் அது வெறும் பிடிஆர்-50தான்.

யாருக்காகச் செய்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் மாமா வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் ரெக்ரூட்டாகப் பயிற்சி எடுத்தவர். 1979ல் கவச வண்டியில் போகும் காலாட்படையான மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட் உருவானபோது, மெட்ராஸ் ரெஜிமென்டில் 1776ல் தொடங்கிய முதல் பட்டாலியன்தான் அங்கே முதல் பட்டாலியன் ஆனது. மாமாவும் மெக்கனைஸ்டு பக்கம் போய் டோபாஸ் ஓட்டினார். பிஎம்பி என்ற அடுத்த கவச வண்டி வந்த பிறகு அதையும் ஓட்டினார். ஆனால் இன்றைக்கும் அவர் வாயில் வருவது டோபாஸ்தான். வெலிங்டன், அருவங்காடு பக்கம் இப்படி எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டிய வண்டியைச் செய்து அவர்கள் கையில் கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல, கடமை மாதிரி.

ஸ்டாலில் பெயின்ட் அடித்து முடித்த ஒரு டோபாஸ் வைத்திருந்தார். பார்க்க அருமையாக இருந்தது. மாஸ்டர், அதாவது அச்சு எடுக்கும் மூல வடிவம், தானே செதுக்கியது என்றார். பிரஷர் டேங்கில் வார்ப்பதால் குமிழியே வராது என்றார். டிரம்பெட்டர் கிட்டில் வைத்து அளவு சரிபார்த்தாகிவிட்டது என்றார். முழுப் பணமும் முன்கூட்டியே யுபிஐயில் வேண்டும், சரியில்லை என்றால் மாற்றித் தருவேன் என்றார். இந்த வார்த்தைகள் எல்லாம் பிறகு வாட்ஸ்அப்பிலும் எழுத்தில் இருக்கின்றன.

சொன்ன தேதியெல்லாம் தாண்டி, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு பார்சல் வந்தது. செய்தித்தாளில் சுற்றிய மேல் உடம்பு, ஜிப் பையில் சின்னப் பாகங்கள், செராக்ஸ் எடுத்த ஒரு தாள். முதலில் மேல் உடம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே வழவழப்பாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஓரத்தில் மெதுவாக உப்புத்தாள் போட்டதும் தோலுக்கு அடியில் இருந்து ஊசி குத்தியது போல ஓட்டைகள் வரிசையாகத் திறந்துகொண்டன. தேய்க்கத் தேய்க்கப் புதிது புதிதாக வந்தன. இடது பக்கக் கூண்டின் விளிம்பில் ஒரு மிளகு போகும் அளவுக்குப் பள்ளம். வலது பக்கக் கதவில் கீல் இருக்க வேண்டிய இடம் வெறும் வீக்கமாக இருந்தது.

இதற்குக் காரணம் நம் மலைக் காற்றிலேயே இருக்கிறது. பாலியூரிதேன் ரெசின் இரண்டு திரவங்களைக் கலந்து வார்ப்பது. அதில் ஒன்றில் ஐசோசயனேட் இருக்கும். அது ஈரத்தைக் கண்டால் விடாது. தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும், அந்த வாயுதான் உள்ளே நுரைத்துக் குமிழியாக நிற்கும். மழைக்காலத்தில், மஞ்சு வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊரில், திறந்த டப்பாவை நாள்கணக்கில் வைத்து வார்த்தால் இப்படித்தான் வரும். டப்பாவை இறுக மூடி, அறையை உலர்வாக வைத்து, அழுத்தத்தில் வார்த்தால் குன்னூரிலும் நல்ல வார்ப்பு எடுக்கலாம். எடுக்கும் நண்பர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆகவே "மலையில் ரெசின் அப்படித்தான் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குமிழியைக்கூட புட்டி போட்டு அடைக்கலாம். அளவை என்ன செய்வது? நிஜ வண்டி சுமார் ஏழு மீட்டர் நீளம். 35ஆல் வகுத்தால் 200 மில்லிமீட்டர். ஒரு சதவீதம் சுருங்கினாலே இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். எனக்கு வந்த மேல் உடம்பை டிரம்பெட்டரின் கீழ்ப்பகுதி மேல் வைத்து, முன்னால் சரியாகப் பொருத்தினால் பின்னால் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. வெர்னியரில் அளந்து படம் எடுத்து வைத்திருக்கிறேன். நிஜ வண்டிக்குக் கணக்குப் போட்டால் பத்து சென்டிமீட்டருக்கு மேல். டோபாஸ் தண்ணீரில் நீந்திப் போகும் வண்டி, அதில் இப்படி ஓர் இடைவெளி இருக்கவே முடியாது. அகலத்திலும் இதே கதை, இரண்டு பக்கமும் உள்ளே வாங்கியிருந்தது. வளைந்த ரெசினை வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம். சுருங்கிய ரெசினை எதில் போட்டாலும் நீளாது.

ஏன் சுருங்கியது என்று உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு மூலையில் செவ்வகமாக ஒரு தடம், அதற்குள் எழுத்தோ எண்ணோ இருந்து ராவி எடுத்த கீறல். கீறல்கூட மழுங்கியிருந்தது. அதாவது ராவிய பிறகு அச்சு எடுத்திருக்கிறார்கள். வேறு யாரோ ஒரு நிறுவனம் செய்து விற்ற பாகத்தை வாங்கி, அடையாளத்தைத் தேய்த்துவிட்டு, அதன் மேல் சிலிக்கான் ஊற்றி மோல்டு எடுத்து வார்த்த ரீகாஸ்ட் இது. மலிவான டின் வகை சிலிக்கான் மோல்டு நாளாக நாளாகச் சுருங்கும். உள்ளே ஊற்றும் ரெசினும் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். நகலில் இருந்து நகல் எடுத்தால் அளவும் குறையும், நுணுக்கமும் அழியும். அசல் மாஸ்டரைச் செதுக்க ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு பைசா போகாமல், "நானே செதுக்கியது" என்று சொல்லி விற்பது திருட்டு. இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

சின்னப் பாகங்களில் சில இன்னும் பிசுபிசுவென்று இருந்தன. கலவை விகிதம் தவறினால் ரெசின் முழுதாக இறுகாது. அதன் மேல் பெயின்டும் நிற்காது. வாசனை வேறு தலைவலி கொடுத்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இப்படிப்பட்ட பாகத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள். நன்றாக இறுகிய ரெசினாக இருந்தாலும் அறுக்கும்போது, தேய்க்கும்போது மாஸ்க் போட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதுதான் பாதுகாப்பு.

மாமாவிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பக்கவாட்டைத் திருப்பியவர், "மாப்ளே, கதவு எங்க?" என்றார். டோபாஸுக்கு இன்ஜின் பின்னால். அதனால் பிஎம்பி மாதிரி பின்கதவு கிடையாது. கூரை வழியாகவோ பக்கவாட்டுக் கதவு வழியாகவோதான் ஆட்கள் இறங்க வேண்டும். "அந்தக் கதவு இல்லேன்னா பசங்க எப்படிடா எறங்குவாங்க?" என்று கேட்டார். கதவின் கோடு லேசாக இருக்கிறது என்று நான் காட்டிய பிறகும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் தேடினார். எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

விற்றவருக்கு அளவுப் படங்களோடு செய்தி அனுப்பினேன். முதல் பதில், ரெசின் என்றால் கொஞ்சம் வேலை இருக்கத்தான் செய்யும், பழக்கம் வேண்டும் என்று. அடுத்தது, டிரம்பெட்டர் கிட்தான் அளவு தப்பு என்று. தானே அதில் வைத்துச் சரிபார்த்ததாக எழுதிய செய்தியை எடுத்துப் போட்டேன். பதில் இல்லை. உள்பக்கத்து ராவிய தடத்தின் படத்தை அனுப்பி மாஸ்டர் யாருடையது என்று கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். பில் கேட்டதற்குக் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு தந்திருந்தார், அதில் முகவரி இல்லை.

இனி வாங்குகிறவர்கள் பெயின்ட் அடித்த மாதிரியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பெயின்டும் புட்டியும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். உங்களுக்கு வரப்போகும் அதே வார்ப்பின் படத்தை, பெயின்ட் இல்லாமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, உள்பக்கமும் தெரியக் கேளுங்கள். அடிப்படைக் கிட்டின் கீழ்ப்பகுதி மேல் வைத்து எடுத்த படமும் வேண்டும். மாஸ்டர் அவருடையதுதான் என்றால் செதுக்கும்போது எடுத்த படம் ஒன்றாவது இருக்கும், அதையும் கேட்கலாம். நேர்மையாக வார்க்கிறவர் இதற்கெல்லாம் தயங்கமாட்டார், சந்தோஷமாக அனுப்புவார். முழுப் பணமும் முன்னால் கேட்டால் பாதி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். எனக்கு அது கைகொடுத்திருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிவு செய்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். ஐந்து லட்சத்துக்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை. இதே ஆளிடம் டோபாஸோ வேறு கிட்டோ வாங்கி இதே நிலையில் இருப்பவர்கள் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், பாகங்களை ஸ்கேல் வைத்து எடுத்த படம் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பாகங்களைத் தயவுசெய்து தேய்க்கவோ ஒட்டவோ வேண்டாம், வந்தபடியே வையுங்கள். உள்பக்கத்து மூலையில் அந்தச் செவ்வகத் தடம் உங்களுடையதிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.