சிவப்பு, மஞ்சள், பச்சை: ஒரு கணிதப் பாடப் பொதியுடன் இரண்டு பருவங்கள்

முதலாண்டுக் கணிதத்தில் யார் யார் தவறப்போகிறார்கள் என்று எங்கள் பாடப் பொதி நான்காவது வாரத்திலேயே சொல்லிவிடும் என்றார்கள், அதை விற்க வந்தவர்கள். சொல்லத்தான் செய்தது. 62 பேர் கொண்ட என் வகுப்பில் 14 பெயர்கள் சிவப்பில் வந்தன. அவற்றில் எட்டை நானே எழுதித் தந்திருப்பேன். 17 ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவளுக்கு, பேனா மூடியைத் திறக்காமலே ஒரு மணி நேரத்தை ஓட்டுகிறவர்களைத் தெரியாதா? மீதி ஆறு பேரை நான் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். அந்த ஆறு பேருக்காகத்தான் இந்தப் பொதியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். திட்டுவதற்கும் நிறைய இருக்கிறது.

எங்கள் துறை வாங்கியது மூன்று சரக்குகள் சேர்ந்த கட்டு. மாணவரின் விடையைப் பார்த்து அடுத்த கணக்கைத் தேர்ந்தெடுத்துத் தரும் பயிற்சி மென்பொருள் ஒன்று. வகுப்பு முழுவதையும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்துக் காட்டும் டாஷ்போர்டு இன்னொன்று. மூன்றாவது, பாடத்தையே மாற்றி அமைப்பதற்கான ஆலோசனை: விடுமுறையில் மூன்று நாள் பட்டறை, பிறகு மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேச்சு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நீங்கள் எந்தப் பொதியை வாங்கினாலும் நான் சொல்லும் குறைகள் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள், போதும்.

விளம்பரத்தில் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஆலோசனைதான் மூன்றிலும் உருப்படியானது. பட்டறைக்கு முன்பே எங்கள் பழைய மதிப்பெண் பதிவேடுகளை வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் காலையில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டார்கள்: அடித்தளக் கணிதத்தில், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் வராமல் முதன்மைப் பாடத்துக்குத் தயார்படுத்தும் படிகளில், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நுண்கணித வகுப்பின் வாசலையாவது மிதித்தார்கள்? ஒருவருக்கும் தெரியவில்லை. அவரவர் வகுப்பின் தேர்ச்சி விகிதம் அவரவருக்கு மனப்பாடம். ஒரு மாணவன் முதல் படியில் ஏறி மூன்றாவது படிக்கு வந்தானா, நடுவில் இறங்கிப் போனானா என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

கணக்கு எளிது. படிக்கு 70 விழுக்காட்டினர் தேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 70 என்றால் எங்கள் துறையில் கைதட்டுவார்கள். மூன்று படிகள் என்றால் 0.7ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 0.343. நூறு பேரில் 34 பேர். ஒரு படியில் தேறிவிட்டு அடுத்ததில் பெயர் பதியாமலே போகிறவர்களைக் கழித்தால் இன்னும் கீழே இறங்கும். கணித ஆசிரியர்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த அறையில் இந்தப் பெருக்கலை அதுவரை ஒருவரும் போட்டுப் பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அவர்கள் சொன்ன மாற்றம் இது: அடித்தளப் படிகளை எடுத்துவிடுங்கள், எல்லோரையும் நேராக முதன்மைப் பாடத்தில் சேருங்கள், தடுமாறுகிறவர்களுக்கு அதே பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் துணை வகுப்பு வையுங்கள். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுகிற யோசனை என்று அப்போது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. அவர்கள் காட்டிய சான்றுகளில் என்னை அசைத்தது ஒன்றுதான். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் (இரண்டாண்டுக் கல்லூரிகள்) 2013இல் நடந்த சோதனை. அடித்தள இயற்கணிதம் தேவை என்று மதிப்பிடப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அடித்தள இயற்கணிதத்தில் உட்கார்ந்தவர்களில் 39 விழுக்காட்டினர் தேறினார்கள். நேராகக் கல்லூரிப் புள்ளியியலில் சேர்ந்து, வாராந்திரப் பயிற்சி வகுப்புக்கும் போனவர்களில் 56 விழுக்காட்டினர் தேறினார்கள். இயற்கணிதமும் புள்ளியியலும் வேறு வேறு பாடங்கள், இரண்டின் தேர்ச்சியை அருகருகே வைத்துப் பேசலாமா என்று எழுந்து கேட்டேன். நியாயமான கேள்விதான் என்றார் ஆலோசகர். ஆனால் பட்டத்துக்குக் கணக்கில் வருகிற பாடம் எது என்று திருப்பிக் கேட்டார். உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பு நேரமும் மாறியது. 50 நிமிடத்தில் இப்போது நான் பேசுவது 15 நிமிடம். மீதி நேரத்தில் மாணவர்கள் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்; நான் மேசை மேசையாக நடக்கிறேன். 2014இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடு, மாணவர்களுக்கு வேலை கொடுத்த வகுப்புகளில் 21.8. நான் நன்றாக விரிவுரை செய்கிறவள் என்று பெயர் எடுத்தவள். இந்த எண்ணைப் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

இனி டாஷ்போர்டு. எத்தனை நாள் உள்ளே நுழைந்தார்கள், பயிற்சியை எவ்வளவு முடித்தார்கள், சிறு தேர்வுகளில் என்ன மதிப்பெண் என்ற மூன்றையும் கலந்து நிறம் கொடுக்கிறது. என்ன விகிதத்தில் கலக்கிறது என்று கேட்டால் வணிக ரகசியம் என்கிறார்கள். கணித ஆசிரியரிடம் சூத்திரத்தைக் காட்ட மாட்டேன் என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். விளைவைப் பாருங்கள். முழுப் பருவமும் பச்சையாக ஒளிர்ந்த ஒரு மாணவன், எல்லாப் பயிற்சிகளையும் நள்ளிரவுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முடித்திருந்தான். போட்டது அவனுடைய அக்கா என்பது இடைத்தேர்வில் தெரிந்தது. நேர விவரம் டாஷ்போர்டிலேயே, மூன்று சொடுக்குகளுக்கு உள்ளே இருக்கிறது. நிறத்துக்கு அது உறைக்கவில்லை.

சிவப்பு எனக்குக் காட்டிய ஆறு பேரில் ஒருத்தியைச் சொல்ல வேண்டும். முதல் வரிசை. குறிப்பேட்டைப் பார்த்தால் அச்சடித்த புத்தகம் போல இருக்கும். நான் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பாள். டாஷ்போர்டில் அவளுடைய வரியைத் திறந்தால், ஒவ்வொரு பயிற்சியிலும் மூன்றாவது அல்லது நான்காவது கணக்கோடு நின்றிருந்தாள். ஒவ்வொன்றிலும். கூப்பிட்டுக் கேட்டேன். நேரம் இல்லையா, இணையம் இல்லையா என்று நானே விடைகளையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தவறாகப் போட்டால் திரை சிவப்பாகிறது, மேடம். அதற்கு முன்பே மூடிவிடுகிறேன்" என்றாள். துணை வகுப்பில் அவளுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். தவறான வரிகளை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே தொடரச் சொன்னேன். டாஷ்போர்டில் அவள் பருவம் முடியும்வரை சிவப்பாகவே இருந்தாள். இறுதித் தேர்வில் 71 வாங்கினாள்.

பயிற்சி மென்பொருளோடுதான் எனக்குப் பெரிய சண்டை. எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழுவை, அதாவது எக்ஸ் மாறும்போது அது மாறும் வேகத்தை, முதற்கொள்கை முறையில் காண வேண்டும் என்று ஒரு கணக்கு. எக்ஸோடு ஹெச் என்ற சிறு அளவைக் கூட்டி, வரும் மாற்றத்தை ஹெச்சால் வகுத்து, ஹெச் சுழியத்தை நெருங்கும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பது அந்த முறை; அந்தக் கடைசி அடிக்குத்தான் எல்லை என்று பெயர். விடை இரண்டு எக்ஸ். 19 பேர் சுழியம் என்று போட்டிருந்தார்கள். ஒரே தவறான விடையை 19 பேர் போட்டால் அது தற்செயல் இல்லை, அதற்குள் ஒரு காரணம் இருக்கிறது. எந்தத் திறனைச் சோதிக்கிறது என்று காட்ட, மென்பொருள் அந்தக் கணக்குக்கு "எல்லை" என்று ஒரே ஒரு முத்திரை குத்தி வைத்திருந்தது. ஆகவே 19 பேரும் எல்லையில் பலவீனம் என்று முடிவுகட்டி, ஆளுக்கு 20 எல்லைக் கணக்குகளை அனுப்பிவைத்தது. நான் அவர்களுடைய கையெழுத்துத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். எக்ஸையும் ஹெச்சையும் கூட்டி வர்க்கப்படுத்தும் இடத்தில் எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஹெச் வர்க்கம் என்று எழுதியிருந்தார்கள். நடுவில் வர வேண்டிய இரண்டு எக்ஸ் ஹெச் காணாமல் போய்விட்டது. பிறகு எக்ஸ் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஹெச் வர்க்கம். ஹெச்சால் வகுத்தால் ஹெச். அது சுழியத்தை நெருங்கினால் விடை சுழியம். எல்லையை அவர்கள் அப்பழுக்கில்லாமல் எடுத்திருந்தார்கள்! எட்டாம் வகுப்பில் தொற்றிய நோய் கல்லூரியில் வந்து வேறு பெயரில் வெளிப்படுகிறது. மென்பொருள் அந்த வேறு பெயருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த துணை வகுப்பில் பலகையில் எக்ஸ் கூட்டல் ஹெச் பக்கமுள்ள ஒரு சதுரம் வரைந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நான்காகப் பிரித்து, எதிரெதிர் மூலைகளில் இருந்த எக்ஸ் வர்க்கம், ஹெச் வர்க்கம் என்ற சதுரத் துண்டுகள் இரண்டையும் நிழலிட்டேன். மீதி இரண்டு செவ்வகங்கள் எங்கே போயின என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவன், "நாங்கள்தான் சாப்பிட்டுவிட்டோம், மேடம்" என்றான். இறுதித் தேர்வு விடைத்தாள்கள் சிலவற்றின் ஓரத்தில் நான்கு கட்டம் போட்ட சின்னச் சதுரம் இருந்தது.

இதில் எரிச்சல் என்னவென்றால், இத்தகைய மென்பொருள்களின் பின்னால் ஒரு நல்ல கோட்பாடு உண்டு. 1985இல் ஒரு கணிதவியலாளரும் ஓர் உளவியலாளரும் சேர்ந்து வகுத்த அறிவு வெளிக் கோட்பாடு. ஒன்று தெரிந்தால்தான் மற்றொன்று தெரிந்திருக்க முடியும் என்ற வரிசையை வைத்து, மாணவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. எங்கள் பொதியின் விளக்க ஏட்டிலும் அது பெருமையாக அச்சாகியிருக்கிறது. ஆனால் ஒரு கணக்குக்கு ஒரு முத்திரைதான் என்றால் வரிசை எங்கிருந்து வரும்? புகார் அனுப்பினேன். எங்கள் துறையே கூடுதல் முத்திரை சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி காட்டினார்கள். நானும் ஒரு சக ஆசிரியரும் உட்கார்ந்து 140 கணக்குகளுக்குச் சேர்த்தோம். சம்பளம் இல்லாத வேலை.

விடையை உள்ளிடும் தொல்லையும் உண்டு. மூன்றில் ஒன்று என்பதை 0.33 என்று தட்டினால் தவறு. ஏன் தவறு என்று சொல்லாது. ஒரு பையன் ஆறு முறை அதையே தட்டிவிட்டு, தன் கணக்குதான் தவறு என்று நம்பி, சரியாகப் போட்டிருந்ததை அடித்துவிட்டான். கைப்பேசியில் பின்னம் எழுதுவது அதைவிடக் கொடுமை.

தேர்ச்சி விகிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிர்வாகம் கேட்பது அதை மட்டும்தான். டாஷ்போர்டு என் வகுப்புக்கு 77 விழுக்காடு என்று காட்டியது. இறுதித் தேர்வு எழுதிய 53 பேரில் தேறியவர்கள் 41 பேர் என்பது அதன் கணக்கு. நடுவில் விலகிப்போன ஒன்பது பேர் அதற்குப் பிறக்கவே இல்லை. 62ஆல் வகுத்தால் 66. முந்தைய ஆண்டு நானே பழைய முறையில் நடத்திய வகுப்பில், அதே அளவுகோலில், 60 பேரில் 34 பேர், அதாவது 57. வினாத்தாளில் பாதிக் கணக்குகளை இரண்டு ஆண்டும் ஒன்றாகவே வைத்திருந்தேன். முன்னேற்றம் இருக்கிறது. 77க்கும் 57க்கும் இடையிலுள்ள 20 அல்ல, ஒன்பது. இரண்டே வகுப்புகளை வைத்து அதற்குமேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். நிறுவனத்தின் விளம்பர மடலில் எந்த எண் வந்தது என்று நீங்களே ஊகிக்கலாம்.

வாங்கலாமா என்று வேறு கல்லூரி நண்பர்கள் கேட்கிறார்கள். ஆலோசனைக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். டாஷ்போர்டுக்கு மூன்று, அதுவும் நிறத்தைப் பார்க்காமல் உள்ளே போய் வரி வரியாகப் படிக்க நேரம் இருக்கிறவர்களுக்கு. வாரம் இரண்டு மணி நேரத் துணை வகுப்புக்கு ஆள் போடாமல் டாஷ்போர்டை மட்டும் வாங்கினால், யார் மூழ்குகிறார்கள் என்று கரையில் நின்று பெயர் படிக்கத்தான் உதவும். பயிற்சி மென்பொருளுக்கு இரண்டு. நாங்கள் சேர்த்த முத்திரைகளுக்குப் பிறகு இரண்டரை. கையெழுத்திடும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: நிறம் கணக்கிடும் சூத்திரம், தேர்ச்சி விகிதத்தின் பகுதி எண் (எத்தனை பேரால் வகுக்கிறார்கள் என்பது), மாணவர் ஒவ்வொருவரின் ஒவ்வொரு விடையும் அடங்கிய முழுக் கோப்பு. மூன்றாவதை எங்களுக்கு இரண்டாம் பருவத்தில்தான் கொடுத்தார்கள். அந்தச் சுழியங்களை நான் எண்ணியது அதை வைத்துத்தான்.

அடுத்த ஆண்டுக்கும் எடுத்திருக்கிறோம். ஒரு நிபந்தனை வைத்தோம்: சிவப்பில் விழும் மாணவர்களுக்குத் தானாகப் போகும் "நீங்கள் தோல்வியடையும் வாய்ப்பு அதிகம்" என்ற மின்னஞ்சலை நிறுத்த வேண்டும். அந்த வசதியை அணைக்க முடியாது என்று முதலில் சாதித்தார்கள். பிறகு அமைப்புகளில் ஒரு மூலையில் அதற்கான பொத்தான் இருப்பதை எங்கள் ஆய்வகப் பொறுப்பாளரே கண்டுபிடித்தார்.