ஹிமாலயன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: செய்யாத வேலைக்குக் கொடுத்த பணம்

சேலம் பக்கம் அட்வென்சர் வண்டிகளுக்கென்றே நடத்தும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை ஃபுல் சர்வீஸுக்கு விட்டேன். 8,950 ரூபாய் வாங்கினார்கள். காகிதத்தில் எழுதியிருந்த வேலைகளில் மூன்றைத் தொடவே இல்லை. செய்த ஒரு வேலையையும் தப்பாகச் செய்து கிளட்ச்சைக் காலி செய்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து கொல்லிமலை ஏறும்போது, பின்னால் மனைவி உட்கார்ந்திருக்க, வண்டி இழுக்காமல் நின்றது. இது கம்பெனி சர்வீஸ் சென்டர் இல்லை, தனிக் கடை. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பேரை இங்கே போடவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்தால், இதே வண்டி வைத்திருக்கும் நாலு பேராவது தப்பிப்பார்கள்.

என்னுடையது 2021 மாடல், பிஎஸ்6. அப்போது 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதுவரை பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை. ஒரே சிலிண்டர், காற்றும் ஆயிலும் குளிரவைக்கும் எஞ்சின், 5 கியர், கேபிள் கிளட்ச் என்று எல்லாமே எளிமையான அமைப்பு. அந்த எளிமைக்காகத்தான் வாங்கினேன்.

சர்வீஸுக்குப் போனதற்குக் காரணம் ஹேண்டில். முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை ஒருவரை அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் பல்லில் விழுந்த மாதிரி பிடித்தது. கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும், உருண்டைகள் வைத்த பேரிங்) தேய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். வண்டியின் எடை 199 கிலோ, முன்னால் 21 இன்ச் சக்கரம், அதோடு நம் ஊர் வேகத்தடைகள். அந்த இடி முழுவதையும் அந்தச் சின்ன உருண்டைகள்தான் வாங்குகின்றன. உருண்டைக்குப் பதிலாக உருளை இருக்கும் டேப்பர் பேரிங் போட்டால் பாரம் பரவும், நாள்பட உழைக்கும் என்று இந்த வண்டி ஓட்டுகிறவர்கள் பலர் மாற்றிக்கொள்கிறார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் போனேன்.

காலையில் நாமக்கல்லில் இருந்து கிளம்பி 10 மணிக்குக் கடையில் இருந்தேன். இடம் பளிச்சென்று இருந்தது. சுவர் முழுக்க லடாக், ஸ்பிட்டி படங்கள். உரிமையாளர் அன்பாகப் பேசினார். “சார், டேப்பட், பிரேக் ஃப்ளூயிட் எல்லாம் சேர்த்துப் பண்ணிடலாம். நீங்க இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? போய்ச் சாப்பிட்டுட்டு ஒரு மணிக்கு வாங்க” என்றார். நானும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஒரு மணிக்கு வண்டி கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. கையால் எழுதிய ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஆயில், ஃபில்டர் 1,950. டேப்பர் பேரிங் 2,800. அதை மாற்றும் கூலி 1,200. டேப்பட் 800. பிரேக் ஃப்ளூயிட் 700. ஜெனரல் சர்வீஸ் 1,500. காகிதத்தின் தலையில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்திருந்தது. பில் கேட்டேன். “ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் சார் எக்ஸ்ட்ரா” என்றார். சரி என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பணத்தை ஜிபேயில் அனுப்பியது மட்டும்தான் அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம்.

டேப்பட் செட் பண்ணுவது என்றால் எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வது. அதற்கு எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்திருக்கும், இடைவெளி தப்பாகக் காட்டும். அதனால்தான் மேனுவலில் குளிர்ந்த எஞ்சினில் அளக்கச் சொல்கிறார்கள். நான் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய வண்டி அது. பகல் ஒரு மணிக்குள் அது ஆறி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, அதோடு முன் சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் எல்லாம் கழற்றி, பழைய ரேஸை (உருண்டைகள் ஓடும் இரும்பு வளையத்தை) தட்டி எடுத்துப் புதிதை இறக்கி, திரும்ப மாட்டிக் கழுவியும் விட்டார்கள் என்றால் கணக்கு உதைக்கிறது. அந்தக் கணக்கை அன்று நான் போடவில்லை. துடைத்து நிறுத்திய வண்டியைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

கொல்லிமலைக்குக் காரவள்ளியில் இருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி மட்டும் ஏறவில்லை. முப்பதாவது வளைவுக்குள் இரண்டாவது கியரிலேயே கிளட்ச் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்தது. கருகிய வாசனை வேறு. வளைவில் வேகம் செத்து வண்டி சாயும்போது, மேலிருந்து ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கால் ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். மனைவி இறங்கி ஓரமாகப் போய் நின்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது. கிளட்ச் லீவரில் ஃப்ரீ ப்ளே, அதாவது கேபிள் இழுபடும் முன் இருக்க வேண்டிய சின்னத் தளர்வு, இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அப்படியென்றால் கோளாறு கேபிளில் இல்லை, உள்ளே. வண்டியை ஆறவிட்டு, திருப்பி, முதல் கியரிலேயே இறக்கினேன். இறங்கும் வழி முழுக்க முன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதே ‘டொக்’.

மறுநாள் எங்கள் தெருமுனையில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். லாரிப் பட்டறையில் தொழில் கற்று, அப்புறம் இருசக்கரத்துக்கு வந்தவர். அவருக்குப் பளபளப்பான கடை இல்லை, வேப்பமரத்தடிதான். முதலில் ஆயிலை இறக்கினார். கையில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது உங்க வண்டி ஆயில் இல்ல” என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. காரில் எஞ்சின் ஆயில் கிளட்ச்சைத் தொடாது. நம் வண்டியில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தட்டுகள் அதிலேயே ஊறிக் கிடக்கின்றன. அதனால் தேய்மானத்தைக் குறைக்கும் அதே ஆயில், கிளட்ச்சின் பிடிப்பைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும். அதற்கான தர முத்திரைதான் ஜாசோ என்ற ஜப்பானிய அமைப்பின் எம்ஏ, எம்ஏ2. ஹிமாலயன் 411-க்குச் சொல்லியிருப்பது 15டபிள்யூ-50 கெட்டித்தன்மை, எம்ஏ2 தரம். கார் ஆயில்களில் பலவற்றில் மைலேஜுக்காக வழுக்கல் கூட்டும் ரசாயனம் சேர்ப்பார்கள். காருக்கு அது நல்லது, நம் கிளட்ச்சுக்கு அது எமன். ஜாசோவிலேயே எம்பி என்று ஒரு வகை இருக்கிறது. அது ஆயிலில் ஊறாத தனிக் கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கானது, அதையும் இதில் ஊற்றக் கூடாது.

அந்தக் கடைக்கே போன் போட்டேன். உரிமையாளர் எடுக்கவில்லை, வேலை செய்யும் பையன் எடுத்தான். “ட்ரம்ல இருந்துதாங்ணா ஊத்துவோம். எல்லா வண்டிக்கும் அதான்” என்றான். பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரியான ஆயில் ஊற்றி 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். தட்டு கருகாமல் இருந்தால் சில சமயம் பிடிப்பு திரும்பிவிடும் என்றார் அண்ணன். எனக்குத் திரும்பவில்லை. கிளட்ச்சைத் திறந்தபோது தட்டுகள் கண்ணாடி மாதிரி மினுங்கின. புதுத் தட்டுகளை ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்தார். மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடித்துக் கொடுத்த கடையை அப்போது நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஸ்டீரிங்கைப் பிரித்தோம். நான் பக்கத்திலேயே நின்றேன். மேல் விளிம்பில் புது கிரீஸ் பளபளவென்று இருந்தது. அதை வழித்து எடுத்தால் உள்ளே பழைய உருண்டைகள், வரிசையாகக் குழி விழுந்த பழைய ரேஸ். 2,800 ரூபாய் டேப்பர் பேரிங் அங்கே இல்லவே இல்லை. மேல் நட்டைக் கொஞ்சம் இறுக்கி, வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் கிரீஸ் தடவி அனுப்பியிருக்கிறார்கள். முதல் சில நாள் சத்தம் இல்லாமல் இருந்தது அதனால்தான்.

டேப்பட் மூடியின் போல்ட்டுகளில் போன கோடையில் ஒட்டிய செம்மண் அப்படியே இறுகிப்போய் இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பிரேக் ஃப்ளூயிட் பழைய டீத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. டாட் 4 என்ற இந்த வகை ஃப்ளூயிட்டைப் புதிதாக ஊற்றினால் வெளிறிய மஞ்சளாக இருக்கும். அந்த ஃப்ளூயிட் நாளாக ஆக ஈரத்தை உறிஞ்சும், மலை இறக்கத்தில் சூடேறினால் கொதித்து லீவர் தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஃப்ளூயிட்டோடுதான் அன்று முப்பது வளைவு இறங்கி வந்திருக்கிறேன். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பொறுக்கவில்லை. 700 ரூபாய்க்காக இரண்டு உயிர்.

எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு நேரில் போனேன். உரிமையாளர் படங்களைப் பார்க்கக்கூட இல்லை. “கொல்லிமலை ஏத்தினா கிளட்ச் போகத்தான் சார் செய்யும்” என்றார். பேரிங் எங்கே என்று கேட்டதற்கு, “உங்க மெக்கானிக் கழட்டி வெச்சுக்கிட்டாரோ என்னவோ” என்று சொல்லிவிட்டார். நாள் முழுக்க வெயிலில் நின்று உழைக்கிற ஒரு மனிதர் மேல் பழியைத் தூக்கிப் போட்டது என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே முடிவு செய்தேன், இதை விடுவதில்லை என்று.

முதலில் 1915-க்கு அழைத்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிவு செய்தார்கள். அடுத்து நானே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். வேறு பதில் எதுவும் இல்லாமல் பேரிங்குக்கும் கூலிக்கும் சேர்த்து 4,000 ரூபாய் மட்டும் ஜிபேயில் திரும்பி வந்தது. போடாத பேரிங் என்பதை ஒத்துக்கொண்டதாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். கிளட்ச், ஆயில், டேப்பட், பிரேக் பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். பணம் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். பில் கொடுக்காததே 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. எஸ்டிமேட் காகிதமும் ஜிபே பதிவும்தான் இப்போது என் கையில் உள்ள ஆதாரம். பில் இருந்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

இப்போது சர்வீஸுக்கு முந்தின நாளே வண்டியை அண்ணனிடம் விட்டுவிடுகிறேன், எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறட்டும் என்று. ஆயிலை நானே சீல் உடைக்காத டின்னில் வாங்கிப் போய், என் கண் முன்னால் திறக்கச் சொல்கிறேன். வெளியூரில் வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டி வந்தால், ஸ்டீரிங் நட்டிலும் டேப்பட் மூடி போல்ட்டிலும் வெள்ளை மார்க்கரில் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்துவிட்டுத்தான் சாவி கொடுப்பேன். திறந்தால் கோடு விலகும். விலகவில்லை என்றால் திறக்கவில்லை. கழற்றிய பழைய பாகங்களை வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டு வைக்கிறேன். நல்ல மெக்கானிக் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. அண்ணன் நான் கேட்காமலே ஒரு பையில் போட்டுக் கையில் கொடுக்கிறார்.

ஸ்டீரிங்கில் இருந்து எடுத்த அந்தக் குழி விழுந்த ரேஸும் உருண்டைகளும் வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. மேலே தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆணையத்தில் கூப்பிடும் அன்று எடுத்துப் போக வேண்டும்.