வாள்வீச்சு உடுப்பு: பாளையங்கோட்டை வெயிலில் பழகிய அனுபவம்

என் மகள் பாளையங்கோட்டையில் சில வருஷமாக எப்பி என்ற வகை வாள்வீச்சு பழகுகிறாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி ஆடியதைப் பார்த்து ஆசைப்பட்டவள். பிள்ளைக்கு உடுப்பு வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கையில் காசு குறைவு என்றால் இரண்டாவது வாளைத் தள்ளிப்போடுங்கள், பிளாஸ்ட்ரானைத் தள்ளிப்போடாதீர்கள். ஜாக்கெட்டுக்குள் வாள் பிடிக்கும் பக்கம் மட்டும் போடும் அரைச்சட்டை அது. அக்குளில் தையல் இருக்காது. "யப்பா, உள்ள ஒரே புழுக்கமா இருக்கு, இது வேண்டாமே" என்று சித்திரை வெயிலில் கெஞ்சினாள். அவள் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். அக்குள் வேர்வையில் மஞ்சளாகி, தையல் பிரிந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கையை நீட்டிப் பாயும்போது எதிராளிக்குத் திறந்து கிடப்பதும் அதே இடம்தான். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

உடுப்பில் 350, 800 நியூட்டன் என்று போட்டிருக்கும். குத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. ஜாக்கெட் 350, பிளாஸ்ட்ரான் 800 என்று வாங்கினோம். பயிற்சிக்கு நிறைவாக இருக்கிறது. சர்வதேசப் போட்டிக்கு ஜாக்கெட், கால்சட்டை, பிளாஸ்ட்ரான் மூன்றுமே 800 வேண்டும்.

மாஸ்க்கில் சமரசமே கூடாது. 1982இல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில், எதிராளியின் வாள் முறிந்து மாஸ்க்கின் கம்பிவலையைத் துளைத்ததில் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். இன்றைய கடுமையான விதிகள் பலவும் அதற்குப் பின் வந்தவை. நம் ஊரில் மாஸ்க்குக்கு எமன் வேர்வையும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும்தான். பையிலேயே மூடி வைத்தால் வலை துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து ஃபேனடியில் வைக்கிறோம். துரு ஏறி, கட்டைவிரலால் அழுத்தினால் வலை உள்வாங்குகிறதா? தூக்கிப் போடுங்கள்.

ஜாக்கெட்டை பிளீச் போடாமல் பச்சைத்தண்ணீரில் அலசி, தட்டட்டியில் நிழல் பார்த்துக் காயப்போட வேண்டும். கையுறை முன்கையில் பாதி வரை, ஜாக்கெட் கைக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். இல்லையென்றால் வாள்நுனி சட்டைக்குள் போய்விடும்.

இத்தனைக்கும் அவளுக்கு வாளால் பட்டதெல்லாம் கன்றிப்போன தழும்புகள்தான். படுக்க வைத்தது கணுக்கால் சுளுக்கு. சிமென்ட் தரையில் பாய்ந்து பாய்ந்து வந்த வினை. குதிகால் மெத்தையுள்ள ஷூ மாற்றி, பயிற்சிக்கு முன் உடம்பைச் சூடாக்குவதைக் கட்டாயமாக்கிய பிறகு வலி குறைந்தது.

இப்போது வளர்ந்துவிட்டாள். ஜாக்கெட் கால்சட்டைக்கு மேல் 10 சென்டிமீட்டராவது இறங்கி நிற்க வேண்டும், குனிந்து நின்றால் இடுப்பு தெரிகிறது. அடுத்த மாதம் புது ஜாக்கெட் வாங்குகிறோம்.